செருப்பு விடும் இடம்

எங்கள் சபையைப் பற்றிப் பேச்சு வந்தால் தம்பி பாஸ்டரைத் திட்டுவான். அந்த ஆளைத் திட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் பெற்றவளைக் காட்டிக்கொடுத்தது பாஸ்டர் இல்லை, நான். அப்போது எனக்குப் பத்து வயது. பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சமாதானம் சொல்கிறவர்களைக் கண்டாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

சாலவாக்கம் போகும் வழியில், ஏரிக்கரைக்குக் கீழே தகர ஷீட் போட்ட கூடம்தான் சபை. பதினைந்து குடும்பம் இருக்கும். நகை கிடையாது, பூ கிடையாது, டிவி கிடையாது. காய்ச்சல் வந்தால் எண்ணெய் பூசி ஜெபம் பண்ணுவார்கள், மருந்து கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் டிசம்பரில் கேக் கேட்டு வந்தால், அது மனுஷர் உண்டாக்கின பண்டிகை என்று விரட்டுவோம். நைனா குடியை விட்டது அந்தக் கூடத்துக்குப் போன பிறகுதான். அதனால் தோடு, மெட்டி, தாலி என்று ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னபோது அம்மா மறுபேச்சுப் பேசவில்லை.

பாஸ்டர் ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். சில நூறு வருஷத்துக்கு முன், இங்கிலாந்தில் ராஜாவின் சபை அசுத்தமாகிவிட்டது என்று சில பரிசுத்தவான்கள் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய், காட்டை வெட்டி ஊர் கட்டினார்களாம். அங்கேயும் கிறிஸ்துமஸ் இல்லை, கூத்து இல்லை. பாவம் செய்தவர் சபை நடுவே எழுந்து அதைச் சொல்லியே ஆக வேண்டும். "நாமும் அப்படிப்பட்ட ஜனம்" என்று முடிப்பார். கப்பலேறும் சிரமமில்லாமல், உத்திரமேரூர் டவுன் பஸ் போகும் ரோட்டோரத்திலேயே நாங்களும் பரிசுத்தவான்கள் ஆகிவிட்டோம்.

மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் ரசமும் தரும் திருவிருந்துக்கு முன் பாவ அறிக்கை. பத்து வயது நிறைந்த எல்லோரும் எழுந்து தங்கள் பாவத்தைச் சொல்ல வேண்டும். அடுத்தவர் பாவம் தெரிந்து மறைத்தால் அதுவும் நம் தலையில்தான் விழும்.

நான் முதன்முதலாக எழுந்து நிற்க வேண்டிய மாதத்தில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு வயதுக் குழந்தை. மூன்று நாளாக எண்ணெய் பூசினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அவனுக்கு வலிப்பு வந்தது. நைனா முழங்காலில் நின்று இன்னும் சத்தமாக ஜெபித்தார். விறகு எடுக்கப் பின்பக்கம் போன நான், அம்மா தன் பைபிளின் கறுப்பு ஜிப் உறையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுப்பதைப் பார்த்தேன். ரோஸ் நிற மருந்தை மூடியில் ஊற்றி அவன் வாயில் விட்டாள். மறுநாள் அவன் எழுந்து கோழி துரத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை நைனா சாட்சி சொன்னார். ஜெபத்தால் பிள்ளை பிழைத்தான் என்று அழுதார், கூடமே அழுதது. பிறகு அறிக்கை. எனக்கு முன்னால் நின்ற பெண், பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக டிவி சீரியல் பார்த்ததைச் சொல்லி, கூடமே சேர்ந்து முழங்கும் ஸ்தோத்திரம் மூன்று வாங்கிவிட்டாள். நான் புளியங்காய் திருடியதைச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்கு ஒன்றுகூடத் தேறாது என்று தோன்றியது.

"எங்கம்மா தம்பிக்கு மருந்து குடுத்துச்சி. நான் பாத்தேன்" என்றேன்.

அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். யார் வாங்கிக் கொடுத்தது என்று பாஸ்டர் நாலு முறை கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. சற்றுமுன் ஆனந்தக் கண்ணீர் விட்ட நைனா, "சொல்லித் தொலையேன்டி!" என்று கத்தினார்.

மூன்று மாதம் அம்மா கூடத்துக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில் உட்கார வேண்டும். திருவிருந்து கிடையாது. யாரும் அவளோடு பேசக் கூடாது. எனக்கு ஒரு பென்சில் பாக்ஸும் முன்வரிசைப் பாயில் இடமும் கிடைத்தன. யாரும் என்றால் நானும்தானே? வீட்டிலும் நான் அவளோடு பேசவில்லை. சோறு வேண்டுமென்றால் தட்டைத் தட்டுவேன். அவள் வந்து போடுவாள். அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் என் கையை முறித்துப்போடலாம் போலிருக்கிறது.

பாஸ்டரம்மா, அதாவது பாஸ்டரின் மனைவி, அந்த மூன்று மாதமும் ஜெபத்தில் விம்மி விம்மி அழுதார். அம்மாவின் பாவத்துக்காக அழுகிறார் என்று நினைத்து நானும் சேர்ந்து அழுதேன். ஆராதனை முடிந்ததும், வெயிலில் உட்கார்ந்திருந்த அம்மாவின் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் செருப்பு மாட்டுவார்.

இரண்டாம் மாதம் எனக்கே காய்ச்சல் வந்தது. அம்மா வெல்லம் போட்டுக் கஞ்சி கொடுத்தாள். ஒரே கசப்பு. ஒழுங்காகக் கஞ்சி வைக்கக்கூடத் தெரியவில்லை என்று முகத்தைச் சுளித்துக் குடித்தேன். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

கல்லூரியில் படிக்கும்போது, அந்தக் கப்பலேறிய பரிசுத்தவான்களைப் பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. அவர்கள் ஊரில், அன்றைய என் வயதுப் பெண்பிள்ளைகள் கை நீட்டிச் சூனியக்காரி என்று சொன்னதை நம்பி, பெண்களைத் தூக்கில் போட்டிருக்கிறார்கள். கதையின் இந்தப் பாதியைப் பாஸ்டர் எங்களுக்குச் சொல்லவே இல்லை. அன்றே பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். பாஸ்டரம்மா இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. அன்று யார் கொடுத்த மருந்து என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பாஸ்டரம்மாதான். அவங்க மொத புள்ள காய்ச்சல்லயே பூட்ச்சி" என்றாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தாளு வாயடைச்சிப் போயிருப்பாரு இல்ல? நீ ஏன் வெயில்ல குந்திக்கினு கெடந்த?"

"சொல்லிட்டா அப்பால யாருடி குடுப்பாங்க? அடுத்த மாசமே உனக்குக் காய்ச்சல். செருப்பு மாட்ற சாக்குல அந்தம்மாதான் மாத்திரைய என் பைபிள் உறையில சொருகிட்டுப் போனாங்க. பொடி பண்ணிக் கஞ்சியில கலந்தேன். உன்னாண்ட சொல்ல முடியுமா? அதான் வெல்லம் தூக்கலா போட்டேன்."

காய்ச்சல் விட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்ததை அவள் சொல்லவில்லை. எனக்குத்தான் நினைவிருக்கிறது. மருந்தில்லாமல் கர்த்தர் என்னைக் குணமாக்கினார் என்று எழுந்து நின்று சாட்சி சொன்னேன். வாசலில் இருக்கிறவளுக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னேன். செருப்புகளுக்கு நடுவே தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.