போலீஸ்காரன் கையில் காபி கப்

நான் எழுதிய முதல் ஸ்கிரிப்டைப் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார் பர்வீன். அது தேறினால்தான் எனக்கு வேலை நிரந்தரம்.

தஞ்சாவூரில் எங்கள் ஸ்டுடியோவில் செய்வது ஆடியோ டிஸ்கிரிப்ஷன். பார்வையில்லாதவர்களுக்காக, வசனம் இல்லாத கேப்பில் திரையில் நடப்பதைச் சொல்ல வேண்டும். பர்வீன் முத்துப்பேட்டைக்காரர். பிறவியிலேயே பார்வை கிடையாது. அவர் கேட்டு ஓகே சொன்னால்தான் படம் வெளியே போகும்.

எனக்குக் கிடைத்தது, யாரும் அதிகம் பார்த்திராத ஒரு கறுப்பு வெள்ளை வெளிநாட்டுப் படம். ஒரு போலீஸ்காரன் சாட்சியத்தை மறைத்து, தப்பே செய்யாத ஒருவனை ஜெயிலுக்கு அனுப்புகிறான். பிறகு ஜெயிலுக்குப் போனவன் வீட்டுக்கே நலம் விசாரிக்கப் போகிறான். விஷயம் தெரியாத ஜெயிலில் இருப்பவனின் மனைவி அவனுக்குக் காபி கொடுக்கிறாள். அந்த இடத்தில், “வருத்தப்படுவதுபோல் நடிக்கிறான்” என்று எழுதியிருந்தேன்.

“நிறுத்துங்க சார். நடிக்கிறான்னு உங்ககிட்ட யாரு சொன்னா?”

“மூஞ்சியிலேயே தெரியுதுங்க மேடம். திருட்டு முழி.”

“திருட்டு முழி எப்படி இருக்கும்னு நான் எங்க கண்டேன்? எனக்குக் கேக்குறதைச் சொல்றேன். கப்பு சாசர்ல கடகடன்னு அடிக்குது. நடிக்கிறவனுக்குக் கை ஏன் சார் நடுங்குது?”

அந்தக் காட்சியை இருபது தடவையாவது ஓட்டியிருப்பேன். அந்தச் சத்தம் என் காதில் விழவே இல்லை.

குடவாசல் பக்கம் நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போகும் குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். களத்தில் நடந்த ஒரு தகராறில், சம்பந்தமே இல்லாத அப்பாவை ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்கத் தரையில் உட்கார வைத்தார்கள். அதிலிருந்து காக்கிச் சட்டையைக் கண்டால் மேற்கொண்டு எதையும் பார்க்க எனக்குத் தோன்றுவதில்லை.

மறுபடி ஓட்டினேன். அவன் கையை மட்டும் பார்த்தேன். மாற்றி எழுதிப் படித்தேன்:

“கப் நடுங்குகிறது. இன்னொரு கையால் அழுத்திப் பிடிக்கிறான். குடிக்காமல் கீழே வைக்கிறான். எழும்போது, ஆணியில் தொங்கும் அவள் கணவனின் கோட்டில் தோள் உரசுகிறது. சட்டென்று விலகுகிறான்.”

பர்வீன் திரைப் பக்கம் திரும்பினார்.

“பாவிப்பய. இப்பவாச்சும் வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்டா!”

அப்புறம் என்னிடம், “மேல ஓட்டுங்க சார்” என்றார்.

வேலை நிரந்தரமானது. அப்பாவை உட்கார வைத்த ஏட்டை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒன்று சொல்வேன். ஆள் எப்படிப்பட்டவன் என்று எழுதாதீர்கள், கை என்ன செய்கிறது என்று எழுதுங்கள். மீதியைக் கேட்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.