கறுப்போடு முறுக்கிய பச்சை ஒயர்

நான் ஒரு முட்டாள். அடக்கத்தால் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். என் மனைவியின் வலக்கையில் அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் முட்டாள்தனம் சிறிய குற்றம். பழியை இன்னொருவர் தலையில் போட்டுவிட்டு மூன்றாண்டுகளாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேனே... அதைச் சொல்லத்தான் உங்களிடம் வந்தேன்.

திருத்தணியில் மலைச்சாலை அருகே வீடு வைத்திருப்பவனுக்கு ஒரு விதி உண்டு. கிருத்திகைக்கு முதல்நாளே மாமனார் வீட்டார் வந்து இறங்குவார்கள். விடியுமுன் குளித்துவிட்டுப் படியேறுவார்கள். அந்தத் தைக் கிருத்திகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஹீட்டர் ஒழுகத் தொடங்கியது. எங்கள் போர்த் தண்ணீரின் உப்பு தொட்டியை அரித்துவிட்டிருந்தது.

கே.ஜி.கண்டிகையிலிருந்து முனிரத்தினம் வந்தார். எங்கள் தெருவுக்கே அவர்தான் எலக்ட்ரீஷியன். அட்டைப்பெட்டியின் ஓரத்தைக் கிழித்து எழுதினார்: ஹீட்டர், குழாய், தடித்த ஒயர், கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் டிரிப்பர், எர்த் குழி. ஹீட்டரின் விலைக்குக் கீழே ஏறக்குறைய அதே அளவு இன்னொரு தொகை!

"என்னய்யா, ஹீட்டர் வாங்கினா அதுக்குக் கல்யாணமும் பண்ணி வெக்கணுமா?" என்றேன். என் நகைச்சுவைக்கு நானே முதலில் சிரிப்பது வழக்கம்.

"பழைய ஒயரு லைட்டுக்கும் ஃபேனுக்கும் இழுத்தது சார். எர்த்தே இல்ல."

"ஏழு வருசம் எர்த் இல்லாமதானே ஓடிச்சு?"

"ஆங், ஓடிச்சி. உங்க நல்ல நேரம்."

ஹீட்டரைச் சுவரில் மாட்டினார், குழாயைப் பொருத்தினார். கரண்ட் மட்டும் கொடுக்கவில்லை. "எர்த் போட்டாதான் கனெக்ஷன் குடுப்பேன். அதுவரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொட்டேன்! வெந்நீர் இல்லையென்றால் மாப்பிள்ளையின் மானம் என்னாவது? ஹீட்டரில் மூன்று ஒயர், சுவரில் இரண்டுதான். எர்த்துக்கென்று மிஞ்சிய பச்சையைக் கறுப்போடு சேர்த்து முறுக்கினேன். வெந்நீர் வந்தது. அத்தனை பேரும் குளித்தார்கள். நான் மீசையை முறுக்கிக்கொண்டேன்...

இருபதே நாள். சுவருக்குள் அந்தப் பழைய கறுப்பு ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. திரும்பிப் போக வழியற்ற மின்சாரம் பச்சை வழியே ஹீட்டரின் உடம்புக்கும், அங்கிருந்து குழாய்க்கும் இறங்கிவிட்டது. என் மனைவி வசந்தா ஈரக்கையால் குழாயைத் திறந்தாள். நான் ஓடிப்போய் மெயினை அணைக்கும்வரை அந்தக் கை குழாயை விடவில்லை...

பிழைத்துக்கொண்டாள். நரம்பு கருகிவிட்டது. ஊரில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்தவளால் இன்று ஊசியில் நூல் கோக்க முடியாது.

மாற்றுப்புடவை எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். புடவையை எடுப்பதற்கு முன் அந்த முறுக்கைப் பிரித்தேன். எனக்கு எது முதலில் தோன்றியிருக்கிறது, பார்த்தீர்களா!

மறுநாள் பள்ளிப்பட்டிலிருந்து ஓடிவந்த மைத்துனன், "யாரு பாவா ஹீட்டர் போட்டது?" என்றான். "முனிரத்தினம்" என்றேன். பொய்யில்லையே?

அவரை என் வாசலுக்கே இழுத்து வந்தார்கள். "மாட்னதுதான் நானு. கனெக்ஷன் நான் குடுக்கல" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தெருவே என்னைப் பார்த்தது.

"அப்ப கரண்டு தானா நடந்து வந்து ஏறிக்கிச்சா?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் துயரத்திலும்! என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக எடுபட்ட நகைச்சுவை வேறில்லை. அதன்பின் ஒரு ஸ்விட்சு மாற்றக்கூட அவரை யாரும் கூப்பிடவில்லை. இப்போது திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறார்.

ஹீட்டர் மாற்ற என்ன செலவாகும் என்று யாராவது கேட்டால், ஒயர், எர்த் எல்லாம் சேர்த்து நான் இப்போது சரியாகத்தான் சொல்கிறேன். மீதிச் செலவைச் சொல்வதில்லை. வசந்தாவுக்கே தெரியாது. இடக்கையால் தோசை திருப்பும்போதெல்லாம் முனிரத்தினத்தைச் சபிக்கிறாள். நான் சட்னி கேட்கிறேன். என்ன பிறவி நான்?

சென்ற வாரம் கே.ஜி.கண்டிகை டீக்கடையில் அவரைப் பிடித்தேன்; பக்கத்தில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துத்தான். "அந்த ஒயரை முறுக்கினது நான்தாங்க..." என்றேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க, எனக்குத்தான் தெரியுமே."