வடிவம்மாள் அடைக்கு வைத்த கோழி

எழுபத்து நான்காம் வருஷம், மலையாளச் சீமையில் கரமனை ஆற்றுப் பக்கத்து லைன் வீடுகளில் வடிவம்மாளிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாரும் கிடையாது. அடுத்த வீட்டு ஸ்ரீகண்டன் சாருக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துமா ஒரு மனுஷன் விறகுக் கட்டையைத் தூக்கி அவளுடைய கோழி மேல் எறிவார்? எறிந்தார். அவருடைய கீரைப் பாத்தியைக் கிளறிக்கொண்டிருந்த செவலைக் கோழியின் வலது கால் மளுக்கென்று ஒடிந்தது.

கட்டட வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வடிவம்மாள் அலறல் கேட்டு ஓடிப்போய்க் கோழியை அள்ளினாள். அவளுக்குக் குற்ற உணர்ச்சி வேறு. நாலு நாளாக முட்டையிடாமல் அடைக்கு ஏங்கி மூலையிலேயே கிடந்த கோழி அது. அடைப் புத்தி தெளிந்து மறுபடி முட்டையிடட்டும் என்று காலையில்தான் வாளித் தண்ணீரில் முக்கி வெளியே துரத்தி விட்டிருந்தாள்.

"எந்தா வடிவே, பேசாம கறி வெச்சிரு. காலொடிஞ்ச கோழி இனி எதுக்குக் கொள்ளும்?" என்றார் ஸ்ரீகண்டன். ரிட்டயரான கிளார்க், பதற்றமே இல்லை.

எதுக்குக் கொள்ளும்! அந்த வார்த்தைதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு ஒடிந்தபோது மேஸ்திரியும் இதையேதான் சொன்னான். கை ஒடிந்த சித்தாள் எதுக்கு ஆகும், சொந்த ஊர் அம்பாசமுத்திரத்துக்கே போய்ச் சேர் என்றான். அவள் போகவில்லை. உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, மூன்றாம் மாதம் அதே மேஸ்திரி முன்னால் தலையில் கலவைச் சட்டியோடு போய் நின்றாள். மழை பெய்தால் அந்தக் கை இன்றைக்கும் கடுக்கும். கடுத்துவிட்டுப் போகட்டும்.

"சாரே, நல்லா கேட்டுக்கிடும். இந்தக் கோழி இதே காலால நடந்து வந்து உம்ம கீரயக் கொத்தும். கொத்தலேன்னா எம்பேரு வடிவு இல்ல."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்குள் இன்னொரு தொல்லை. புருஷன் சொரிமுத்துவுக்கு ஹோட்டலில் சரக்கு மாஸ்டர் வேலை. கோழியைப் பார்த்ததுமே மனசுக்குள் மசாலா அரைத்துவிட்டான். "ஏட்டி, ஞாயித்துக்கெழம தம்பி வாரான்லா..."

"ஒங்க தம்பிக்குக் கருவாடு போதும். கோழி மேல கை பட்டுச்சுன்னா ஒங்களுக்கு அதுவும் கெடையாது."

தன் கைக்குப் போட்ட அதே கட்டைத்தான் கோழிக்கும் போட்டாள். மறுநாள் வேலையை விட்டுவிட்டு, ஓலைப்பெட்டியில் கோழியோடு மாட்டாஸ்பத்திரி வரிசையில் நின்றாள். முன்னால் ஒரு சிந்திப்பசு, பின்னால் ஒரு அல்சேஷன் நாய். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் ஒவ்வொருவரையும் அவள் முறைத்தாள்.

கம்பவுண்டர் கட்டைத் தொட்டுப் பார்த்து, நல்ல கட்டுதான் என்று தலையாட்டினார். "கெட்டு கொள்ளாம். பட்சே மூணு ஆழ்ச்ச அனங்காம கெடக்கணும். கோழிகிட்ட யாரு போய்ச் சொல்லுவா?"

கோழி ஒரு இடத்தில் மூன்று வாரம் அசையாமல் கிடக்குமா? நடக்கிற காரியமா? யோசித்துக்கொண்டே நடந்தவள் கரமனைப் பாலத்து நடுவில் நின்றுவிட்டாள். அட பைத்தியமே! முட்டை பொரிக்கவும் அதே மூன்று வாரம்தானே! அடைக்கு ஏங்கின கோழியை அல்லவா தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாய்!

அன்றைக்கே கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, ஒற்றைப்படையாகப் பதினோரு முட்டை வைத்து, கட்டுப்போட்ட காலைப் பக்கவாட்டில் நீட்டிவிட்டு உட்கார வைத்தாள். செவலை சிறகை அகட்டி முட்டைகளை மூடிக்கொண்டது. பிறகு பூமி அதிர்ந்தாலும் எழுந்திருக்காது. தினமும் ஒரு தடவை அவளே தூக்கி வெளியே விட்டு, தீனியும் தண்ணீரும் காட்டி, திரும்ப வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் கருவாடு தின்றுவிட்டுப் போனான்.

இருபத்தோராம் நாள் கட்டை அவிழ்த்தாள். எலும்பு சேர்ந்திருந்தது. ஆனால் கோழி அந்தக் காலைத் தரையில் ஊன்றவே இல்லை. மடக்கி வைத்துக்கொண்டு ஒற்றைக்காலில் தடுமாறிச் சாய்ந்தது. யாருக்கும் தெரியாமல் அடுப்படியில் உட்கார்ந்து வடிவம்மாள் அழுதாள். மேஸ்திரி சொன்னபோதுகூட அழாதவள்.

ஒன்பது குஞ்சுகள் பொரித்தன. அவற்றை முற்றத்தில் விட்ட முதல் நாள் காலையிலேயே முருங்கையிலிருந்து ஒரு காக்கை சட்டென்று இறங்கியது. வடிவம்மாள் விளக்குமாற்றை எடுப்பதற்குள் செவலை பாய்ந்துவிட்டது. ரெண்டு காலாலும்தான்! காக்கையைச் சுவர்வரை துரத்திவிட்டு, விந்தி விந்தித் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அது எங்கே போயிற்று என்று நினைக்கிறீர்கள்? வேலி இடுக்கு வழியாக நேரே கீரைப் பாத்திக்கு. பின்னாலேயே ஒன்பதும்.

ஸ்ரீகண்டன் விறகுக் கட்டையும் கையுமாக ஓடி வந்தார். வடிவம்மாள் அதற்கு முன்பே வந்து பாத்திக்கு முன்னால் நின்றாள்.

"வடிவே, அந்தக் கோழி பின்னயும் வந்நல்லோ!"

"கோழின்னு ஒத்தையாச் சொல்லாதியும் சாரே. பத்து. எண்ணிப் பாரும்."

அவர் குஞ்சுகளைப் பார்த்தார். செவலையின் காலைப் பார்த்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். கட்டை மெல்லக் கீழே இறங்கியது.

"வேலியடைக்கணும்னா சொல்லும், நானே வந்து அடைச்சுத் தாரேன். சாயங்காலம்," என்றாள் வடிவம்மாள். "இப்ப அது தின்னு முடிக்கட்டும்."

செவலை தின்று முடிக்கும் வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.