திருப்பூரில் ஓர் இமயமலை

போன ஞாயிற்றுக்கிழமை, திருப்பூரில் ஒரு கல்யாண மண்டப மேடையில் நான் இந்தியாவாக இருந்தேன். என் மனைவி கோமதி – ஆசியா.

சிரிக்காதீர்கள். சென்னையிலிருந்து ஒரு நடன டீச்சர் வந்து ஒர்க்‌ஷாப் நடத்தினார். பூமிக்குள் நடப்பதையெல்லாம் நம் உடம்புக்குள் தேடிப் பார்க்கிற நடனமாம். எலும்புதான் பாறை, சதைதான் மண், முதுகுத்தண்டில் நிலநடுக்கம்... கடைசி நாளன்று குடும்பங்கள் முன்னால் மேடை நிகழ்ச்சி.

கோமதிக்குச் சின்ன வயதிலிருந்தே மேடையேறி ஆட ஆசை. பிறந்த வீட்டில் விடவில்லை. என்னிடம் வந்த பிறகு பனியன் ஷிப்மென்ட் அவசரம் விடவில்லை. தனியாகப் போகக் கூச்சம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வீரபாண்டியில் பனியன் யூனிட் நடத்தும் நான், குனிந்து என் கால் விரலைப் பார்த்தே பல காலமாகிறது!

"இந்த ஒரு தடவை மட்டும் சொதப்பிராதீங்க" என்றாள். கெஞ்சினாளா, மிரட்டினாளா?

முதல் பாடம், படிவுப் பாறை. ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து அடுக்கடுக்காகப் படுக்க வேண்டும். வந்திருந்த அத்தனை பேரும் பனியன் தொழிலில் இருப்பவர்கள். கட்டிங் டேபிளில் துணி விரிக்கிற மாதிரி, தலையும் காலும் ஒரே கோட்டில் வந்துவிட்டன.

"இயற்கையில நேர்கோடே கிடையாது சார். கலைஞ்சு படுங்க!" என்றார் டீச்சர்.

பக்கத்து யூனிட் பழனிசாமி தலையைத் தூக்கினார். "அதெப்படீங்க டீச்சர்? ஓரம் சேராம உட்டா பீஸெல்லாம் கோணலாப் போயிருமுங்க."

நானும் ஆமாம் போட்டேன். அந்த அடுக்கிலேயே தடிமனான அடுக்கு வேறு நான்தான். வயிற்றில் பல வருடத்துப் படிவு.

அடுத்தது மலை பிறக்கும் காட்சி. இரண்டிரண்டு பேராக, ஒருவர் இந்தியா, மற்றவர் ஆசியா என்று எதிரெதிரே மெல்ல நகர்ந்து வந்து, தோளோடு தோள் மோத வேண்டும். அழுத்தம் தாங்காமல் உடம்பு மடிந்து, அப்படியே மேலே எழும்ப வேண்டும். அதுதான் இமயமலை.

எங்கள் ஊரில் நடக்கிற காரியமா இது? மோதப் போகிற நொடியில் பழனிசாமி ஒதுங்கி, "நீங்க போங்க" என்றார். எதிரே வந்த நூல் வியாபாரி, "அட இல்லீங்க, நீங்க மொதல்ல வாங்க" என்றார். நானும் சபை நாகரிகமாகக் கோமதிக்கு வழிவிட்டுக் கையை நீட்டினேன். மண்டபம் முழுக்கக் கண்டங்கள் மரியாதையாக விலகிக்கொண்டிருந்தன. ஒரு மேடுகூட எழும்பவில்லை. டீச்சர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

கோமதி என் காதருகே வந்தாள். "ஏனுங்க, ஊட்டுல ஒரு நாளாச்சும் எனக்கு வழி உட்டிருக்கீங்களா? நாலு பேரு முன்னாடி மட்டும் எதுக்குங்க இந்த மரியாதை?"

சுருக்கென்றது. நம்மில் பலர் பணிவையும் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறோம், இல்லையா?

அந்த ரோஷத்தில், மேடையில் எங்கள் முறை வந்ததும் நிஜமாகவே மோதினேன். மடிந்தேன். எழும்ப வேண்டிய இடத்தில்... இடுப்பு பிடித்துக்கொண்டது.

"எந்திரிங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"முடியல கோமதி."

அவள் முகம் வாடிவிட்டது. இத்தனை வருட ஆசையை ஓர் இடுப்பு கெடுத்துவிட்டதே!

அடுத்த கணம் அவள் கை என் முதுகில் வழுக்கி இறங்கியது. மலையிலிருந்து ஆறாக இறங்கிவிட்டாள்! என்னைச் சுற்றி ஓடினாள், என் தோளை அரித்தாள், சுழன்று சுழன்று மேடை முழுக்கப் பரவினாள். ஒத்திகையில் இல்லாத ஆட்டம். குனிந்தே நின்ற எனக்கு அவள் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

அடுத்த நிகழ்ச்சியில் தனியாக ஆட வரும்படி டீச்சர் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே, "நான் வர வேண்டாமா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"மலை எங்கீங்க நகரும்? ஆறுதானுங்க போகோணும்" என்றாள்.