அவருக்காகக் குரல் கொடுத்தவர்

பட்டாளத்தில் லாரி ஓட்டியவர் என்பதால் தெருவில் எல்லாருக்கும் அவர் டிரைவர்தான். குண்டுச் சத்தத்துக்கு நடுவே வண்டியை வளைத்து நெளித்து ஓட்டிய ஆள். ஆனால் தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தினால் போதும், கொல்லைப்பக்கம் நழுவிவிடுவார். முத்திரை குத்திய உறை என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. "எதிரிக்குப் பயப்படாத மனுஷன் காகிதத்துக்குப் பயப்படறாரு பாரு," என்று மனைவி சிரிப்பார். அவரும் சிரித்து வைப்பார்.

பயத்துக்குக் காரணம் இடது கெண்டைக்காலுக்குள் இருந்தது. ஓர் இரும்புத் துண்டு. இத்தனை வருஷம் சும்மா கிடந்தது, இந்த மழைக்காலத்தில் சீழ் வைத்துவிட்டது. பாதம் கறுக்கத் தொடங்கியது. ராணுவ ஆஸ்பத்திரி டாக்டர் தொட்டுப் பார்த்தார்.

"சீக்கிரம் எடுக்கணும். தள்ளிப் போட்டா முழங்காலோட போயிடும்." பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். "ஆனா சண்டையில பட்ட காயம்னாத்தான் இங்க சேர்க்க முடியும். உங்க பதிவுல, குளிக்கற இடத்துல வழுக்கி விழுந்தார்னு இருக்கே?"

வழுக்கி விழுந்தவன் காலில் இரும்பு எப்படி வந்தது என்று டாக்டர் கேட்கவில்லை. டிரைவரும் சொல்லவில்லை. வெளியே வைத்தியம் பார்க்க வீட்டில் வழியும் இல்லை.

நடந்தது இதுதான். முகாமில் தண்ணீர் தீர்ந்துபோன ஒரு சாயங்காலம், சார்ஜெண்ட் சீட்டு கீட்டு எதுவும் எழுதாமல் "ஓடிப் போய்ட்டு ஓடி வந்துடு" என்று வாயாலேயே அவரை ஆற்றுப் பக்கம் அனுப்பினார். அந்த நேரம் பார்த்து எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டார்கள். ஒருவன் வெளியே இருந்தால் பக்கத்துக் கட்டில்காரன் அவனுக்காகக் குரல் கொடுப்பது அங்கே வழக்கம். அதில் கெட்டிக்காரர் கிளி. யார் குரலையும் அப்படியே எடுத்துவிடுவார், அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். டிரைவரின் பெயர் வந்ததும் டிரைவர் குரலிலேயே "இருக்கேன் சார்!" என்றார். அதே சமயம் ஆற்றுப் பாதையில் லாரிக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தது. கதவைத் துளைத்துக்கொண்டு வந்து காலில் இறங்கியது அந்தத் துண்டு.

ரத்தத்தோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவரின் காதில் சார்ஜெண்ட் சொன்னார்: "நீ முகாம்லயே இருந்தேன்னு பதிவாயிடுச்சு. வாயைத் திறந்தே, வண்டியைத் திருடிக்கிட்டு ஓடப் பார்த்தான்னு எழுதிடுவாங்க. ஓடினவனை எத்தனை வருஷம் ஆனாலும் விடமாட்டாங்க, தெரியுமில்ல?" லாரிக் கதவு ஓட்டைக்கு அன்றைக்கே சார்ஜெண்டே தகரம் வைத்து ஒட்டினார். காயத்தை மேலோடு சுத்தம் செய்து தைத்துவிட்டு, வழுக்கல் என்று எழுதிக்கொண்டார்கள். சார்ஜெண்ட் செத்தே பல வருஷமாகிறது. அந்தப் பேச்சு சாகவில்லை.

மகள்தான் விஷயத்தைப் பிடுங்கி எடுத்தாள். "காலே போனாலும் பரவாயில்ல, பட்டாளத்துக்காரங்க வந்து கதவைத் தட்டாம இருந்தாப் போதும்னு உட்கார்ந்திருக்கியாப்பா?" என்று திட்டி, பதிவைத் திருத்தச் சொல்லி மனு எழுதிப் போட்டாள். நேரில் வரவும், சாட்சி இருந்தால் அழைத்து வரவும் என்று பதில் வந்தது.

கிளி இப்போது ஒரு கிடங்கு வாசலில் காவல்காரர். டிரைவரைக் கண்டதும் கை தட்டினார்.

"வாடா ராஜா! இன்னும் குளிக்கற இடத்துல வழுக்கிட்டுத்தான் இருக்கியா?"

டிரைவர் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொல்லச் சொல்லக் கிளியின் முகம் சுண்டிப்போனது.

"வேணாம்டா. பட்டாளத்துல ஒரு கறை இல்லாதவன்னுதான் இந்த வேலையே குடுத்தாங்க. பொய்க்குரல் குடுத்தவன்னு தெரிஞ்சா வாசல்ல நிக்க விடுவாங்களா?"

"காலை எடுத்துடுவாங்கடா."

"அதுக்கு என் கழுத்தை நீட்டச் சொல்றியா?"

"உன்னை யாருடா அன்னைக்குக் குரல் குடுக்கச் சொன்னா?"

"நன்றி கெட்டவனே! குடுக்கலன்னா உன் தோலை உரிச்சிருப்பாங்க."

"சரி விடு. உன் பேரை எடுக்கமாட்டேன்," என்று சொல்லிவிட்டு டிரைவர் நொண்டிக்கொண்டே திரும்பினார்.

சாட்சி இல்லாமல், மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். பதிவு அலுவலக வாசலில் நின்ற சிப்பாயின் பூட்ஸைப் பார்த்ததும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். மகளை வெளியே உட்கார வைத்துவிட்டு இவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். சின்ன அறை. இரும்பு அலமாரி, மேஜை, ஒரு தொலைபேசி. அதிகாரிக்கு இவர் மகள் வயதுதான் இருக்கும். நிமிர்ந்து பார்க்காமலே, "கதவைச் சாத்துப்பா," என்றார் அதிகாரி. ஏசி குளிர் வெளியே போகிறதென்று சொன்னார். டிரைவருக்கோ, தீர்ந்தது கதை என்று தோன்றிவிட்டது.

"அன்னைக்குச் சாயங்காலம் முகாம்ல இருந்தீங்களா, இல்லையா?"

டிரைவர் விறைப்பாக நின்றார். கெட்ட காலையும் சேர்த்து ஊன்றி நின்றார். "இல்ல சார்! சார்ஜெண்ட் அனுப்பினார் சார்! நான் ஓடல சார்! கிளிதான் எனக்காகக் குரல் குடுத்தான் சார்!" எல்லாம் கொட்டிவிட்டது. பெயர் வெளியே வந்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

அதிகாரி எழுந்துவந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்க பெரியவரே. உங்களைப் பிடிக்க யாரும் வரல. ஆனா உங்க வாய்ச்சொல்லை மட்டும் வெச்சுத் திருத்த முடியாது. அவர் வந்து, குரல் குடுத்தது நான்தான்னு சொல்லட்டும். அப்பவே திருத்தி ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்."

"அவனுக்கு ஏதாவது ஆகுமா சார்?"

அதிகாரி கோப்பை மூடினார். "எங்க பக்கம் ஒண்ணும் ஆகாது. வேலை குடுத்தவங்க என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது."

மகளைப் பேருந்தில் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். நேரே கிடங்குக்குப் போனார். கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூப்பிடத் தைரியம் வரவில்லை. கிளிதான் பார்த்தார்.

"சொல்லிட்டியா?"

"வாயில வந்துடுச்சுடா."

கிளி வாய்க்கு வந்தபடி திட்டினார். உள்ளே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். நின்றதில் அவர் காலில் சுற்றியிருந்த கட்டு நனைந்து, சீழ் செருப்பில் கசிந்திருந்தது. திட்டிக்கொண்டிருந்த கிளியின் கண் அங்கே போனது. குனிந்து, கம்பி வழியாகவே துணியை விலக்கிப் பார்த்தார்.

"இவ்வளவு ஆயிடுச்சா," என்றார். தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்தார். "அந்த அதிகாரி சத்தம் போடுவாரா?"

"இல்லடா. நாற்காலி போடறாரு."

"அதுதான் இன்னும் பயமா இருக்கு." கிளி திரும்பி மேலாளர் அறையைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குக் காலைல வரேன். ஆனா தனியா உள்ள போகமாட்டேன். நீயும் கூட நிக்கணும்."