எந்தத் தோட்டம்?

எங்கள் படத்தில் காதலர்கள் கடைசியில் சேர மாட்டார்கள். ஏன் என்று கேட்காதவர்கள் இல்லை. சேரவில்லை, அதனால் சேரவில்லை. என் காதலைத்தானே படமாக எடுத்தேன்!

கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவர் கேமராவோடு வந்தார். செம்பனைக் குலை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியில் அவரை உட்கார வைத்துத் தள்ளினால் அதுதான் எங்கள் டிராலி. கதாநாயகி ஃபேக்டரியில் வேலை பார்க்கும் பெண். ஷிஃப்ட் இல்லாத நாளில்தான் ஷூட்டிங்.

நான் காதலித்தவன் பீடோங்கில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன். முதன்முதலாக அவன் வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். ரப்பர்த் தோட்டங்களில் பிழைத்த எங்கள் பக்கத்தில் இது விலாசம் கேட்பதல்ல. தோட்டத்தின் பெயரைச் சொன்னால் போதும், தாத்தா யார், என்ன சாதி, எந்த லயத்து வரிசை வீடு என்று மீதியை அவர்களே விசாரித்துக்கொள்வார்கள். நான் மென்று விழுங்கி, "டவுன்தான் ஆன்ட்டி. அம்மா தையல் கடை வெச்சிருக்காங்க" என்றேன். என் அம்மா மெர்போக் பக்கத் தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்காக இருபது வருஷம் பால்மரம் வெட்டியவர். அவனுக்கு அது தெரியும். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தான். பொய் எத்தனை நாள் நிற்கும்? ஆறே மாதத்தில் அவர்கள் விசாரித்துவிட்டார்கள்; எல்லாம் முடிந்தது. அவன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. என்மேல் இருந்த கோபம்தான் போகவில்லை.

படம் முடிந்ததும் பாடாங் செராயில் மண்டபம் வைத்திருக்கும் ஒரு முதலாளி, பார்த்துவிட்டு இடம் தருவதாகச் சொன்னார். பார்த்தார்.

"இந்தக் காலத்துல யாரும்மா எந்தத் தோட்டம்னு கேக்குறா? அந்த சீனை எடுத்துடு லா. ரெண்டு பேரையும் சேத்து வெச்சிடு" என்றார். பிறகு கதாநாயகி பக்கம் திரும்பி, "நல்லா நடிச்சிருக்கே தங்கச்சி. ஆமா, நீ எந்தத் தோட்டம்?" என்றார்.

கேமரா அண்ணனுக்குப் புரையேறிவிட்டது. அந்தப் பெண் நிதானமாகத் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, "வெட்டுக்காரர் பேத்தி அண்ணே" என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மண்டபம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

எங்கள் தாமான் குடியிருப்பின் பொது மண்டபத்திலேயே, ஜன்னல்களைக் கறுப்புப் பிளாஸ்டிக்கால் மூடி, ஒரு ஞாயிறு மத்தியானம் போட்டோம். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பொய்யை நான் அவரிடம் சொன்னதே இல்லை. தையல் கடை வசனம் வந்த இடத்தில் என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை.

படம் முடிந்ததும் ஓர் அக்கா எழுந்து கேட்டார்: "அந்தப் பொண்ணு ஏன் பெத்த தாய மறைச்சா?"

கற்பனைக் கதை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். மைக் வேறு மக்கர் செய்தது. அதைக் கீழே வைத்தேன்.

"அது நான்தான் அக்கா. எங்கம்மா மரம் வெட்டுனவங்க. சொல்ல வெக்கப்பட்டேன். இப்ப அந்த வெக்கத்த நெனச்சாத்தான் வெக்கமா இருக்கு."

அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"சத்தமா சொல்லு. பின்னால உள்ளவங்களுக்குக் கேக்கல."