புள்ளி பொறுக்காதவர்

எதிரே வந்து உட்காருகிறவரின் கண்ணைப் பார்த்து அவர் என்றைக்கும் 'வாங்க' என்று சொன்னதில்லை. கன்னத்தைப் பார்த்துத்தான் சொல்வார். பிறகு நெற்றி, பிறகு மூக்கு நுனி. பரு எங்கெங்கே, தழும்பு எது, மச்சம் எந்தப் பக்கம் என்று கணக்கெடுத்து முடித்த பிறகுதான் வந்திருப்பது ஆணா பெண்ணா என்பதே அவர் மனசில் ஏறும். "தாடைய லேசா தூக்குங்க. போதும் போதும், ஏரோப்ளேனையா பாக்கச் சொன்னேன்? அப்படியே இருங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்பார். அந்த 'மத்ததை நான் பாத்துக்கறே'னில்தான் அவர் பிழைப்பே ஓடுகிறது.

ஸ்டூடியோவுக்கு வெளியே பெரிய எழுத்தில் ஏதோ ஒரு பேர் இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. எல்லாருக்கும் அவர் 'டச்சிங்காரர்'. படத்தை எடுப்பது ஒரு நொடி வேலை. அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேய்ப்பார் பாருங்கள், அதுதான் வேலை. அவர் கையில் சிக்கின முகம் எதுவானாலும் உரித்த முட்டையாகத்தான் வெளியே வரும். பேரன் பேத்தி எடுத்த ஒரு பெரியவர் தன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது என் பையன் படம், மாத்திக் குடுத்துட்டீங்க" என்று திருப்பி நீட்டினார். கவுண்டரில் பணம் வாங்கிப் போடும் டச்சிங்காரரின் மனைவி, "இல்லீங்க, நீங்கதான். சட்டையைப் பாருங்க" என்று அடையாளம் காட்டி அனுப்ப வேண்டியிருந்தது.

கீழே ஸ்டூடியோ, மாடியில் வீடு. மாடிக் கூடத்தில் சுவரோரமாக ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டி அவருடையது அல்ல, மகளுடையது. பள்ளிக்கூடத்து நாளிலிருந்து அவள் வளர்த்து வந்த ஏஞ்சல் மீன் ஒன்று அதில் இருக்கிறது. உள்ளங்கை அகலம், வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டை, மேலும் கீழும் நீண்டு தொங்கும் துடுப்பு. பரீட்சை நடக்கும் அறையில் கண்காணிக்க வந்தவர் நடமாடுகிற தினுசில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகப் போய் வரும். நாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நின்று முறைக்கும். அதனால் மகள் அதற்கு வைத்த பேர் 'டீச்சர்'.

வேலை கிடைத்து வேறு ஊருக்குக் கிளம்பின அன்றைக்கு மகள் அம்மாவிடம் பீரோ சாவியைக் கொடுத்தாள். அப்பாவிடம் டீச்சரைக் கொடுத்தாள். "டீச்சர் இனிமே உங்க பொறுப்புப்பா. டெய்லி எனக்கு ஒரு போட்டோ வரணும்" என்றாள்.

"போட்டோவா? யாரைப் பாத்து என்னடி சொல்ற!" என்று டச்சிங்காரர் மார்பைத் தட்டிக்கொண்டார்.

போட்டோ நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மனுஷன் சும்மா இருந்தால்தானே! ஒரு நாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர் உச்சுக்கொட்டினார். "எல்லாம் வெள்ளையும் கறுப்புமா கெடக்கு. ஃப்ரேம்ல ஒரு சிவப்பு வேணும்" என்று புறப்பட்டுப் போய் வளர்ப்பு மீன் கடையிலிருந்து ஒரு பை நிறையச் சின்னச் சின்னச் சிவப்பு மீன்களோடு வந்தார். கடைக்காரர் நல்ல மனுஷர். "சார், புது மீனை நேரா தொட்டில கொட்டிடாதீங்க. தனியா ஒரு பாத்திரத்துல கொஞ்ச நாள் வச்சுப் பாத்துட்டு அப்புறமா விடுங்க. நோய் கீய் இருந்தா பழைய மீனுக்கும் ஒட்டிக்கும்" என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார். டச்சிங்காரர் அதற்குச் சொன்ன பதில் அந்தக் கடையில் இன்றைக்கும் சிரிப்பாய்ச் சிரிக்கிறது. "வீட்டுக்கு வந்த விருந்தாளியை யாராச்சும் வாசல்ல நிக்க வைப்பாங்களா?"

விருந்தாளிகள் அன்றைக்கே கூடத்துக்கு வந்துவிட்டார்கள். படம் அட்டகாசமாக அமைந்தது. மகள் வரிசையாக இதயம் இதயமாக அனுப்பினாள். டச்சிங்காரர் அதை வாடிக்கையாளர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் கதை நமக்குத் தெரியும். அந்த வாரம் போய் அடுத்த வாரம் பிறப்பதற்குள் மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வந்து பாருங்களேன். டீச்சர் கல்லுல போய்ப் போய் உரசிக்குது. மேலெல்லாம் உப்புத் தூவின மாதிரி இருக்கு."

டச்சிங்காரர் வந்தார், கேமராவை வைத்துப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. உடனே வைத்தியத்தில் இறங்கினார். முதல் வைத்தியமாக லென்ஸைத் துடைத்தார். புள்ளி போகவில்லை. வேறு லென்ஸ் மாட்டிப் பார்த்தார். "ஏங்க, நான் கண்ணால பாத்துத்தான் சொல்றேன். எனக்கு என்ன லென்ஸா மாட்டியிருக்கு?" என்று மனைவி கேட்ட பிறகுதான் விஷயம் மீனில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு கடைக்கு ஓடினார்.

கடைக்காரர் நீல மருந்து ஒரு பாட்டில் கொடுத்தார். தொட்டியின் ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார், காற்றுக் குமிழி நன்றாக வரட்டும் என்றார், ஃபில்டரிலிருக்கும் கரியை எடுத்துவிடச் சொன்னார், இல்லாவிட்டால் கரி மருந்தையெல்லாம் உறிஞ்சிவிடுமாம். கடைசியாகக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "முக்கியமா ஒண்ணு சார். புள்ளி போயிடுச்சுன்னு மருந்தை நிறுத்திடாதீங்க. அது செத்துப் போறதில்ல. மீன் மேல இருந்து கீழ விழுந்து, கல்லுக்குள்ள உக்காந்து, ஒண்ணு நூறா பெருகும். அந்தக் குட்டிங்க மீனைத் தேடி தண்ணில நீந்தி வரும்ல, அப்பத்தான் மருந்து அதைப் பிடிக்கும். அதுவரைக்கும் அசையாதீங்க."

டச்சிங்காரர் தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

சாயந்திரம் மகளுக்குப் படம் போக வேண்டும். "அவகிட்ட சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "புது வேலைல சேந்திருக்கா. இதைப் போய்ச் சொல்லி அழ வைக்கணுமா? ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று கீழே இறங்கிப் போனார். தொட்டியில் ஊற்றியிருந்த மருந்தின் நீலத்தைப் படத்திலிருந்து நீக்கினார். புள்ளிகளைத் தேய்த்தார். ஊரிலுள்ள கன்னங்களையெல்லாம் முட்டையாக்கிய கைக்கு ஒரு மீன் எம்மாத்திரம்! அன்றைக்கு டீச்சர் அழகுப் போட்டிக்குப் போகிற மாதிரி மகளிடம் போய்ச் சேர்ந்தது. இதயம் இதயமாகத் திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் காலையில் மீன் மேல் ஒரு புள்ளிகூட இல்லை. டச்சிங்காரர் கூடத்தில் நின்று, தானே பெற்றெடுத்தது போலச் சிரித்தார். மத்தியானத்துக்குள் நீலத் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றினார், கரியைத் திரும்பப் போட்டார், ஹீட்டரைக் குறைத்தார்.

"கடைக்காரர் நிறுத்தக் கூடாதுன்னாரே?" என்றாள் மனைவி.

"அவர் மருந்து விக்கிறவர். நிறுத்துன்னா சொல்லுவாரு? கண்ணால பாரு. எங்க இருக்கு புள்ளி?"

பார்க்க முடியாதது இல்லாதது. இந்த ஒரே தத்துவத்தை வைத்து மனுஷர் ஒரு தொழிலையே நடத்திவிட்டார், நோயையும் நடத்தப் பார்த்தார். கல்லுக்கு அடியில் உட்கார்ந்து குடும்பம் பெருக்கிக்கொண்டிருந்த கிருமிகளுக்கு இப்படியொரு வீட்டுக்காரர் கிடைத்தது அவற்றின் அதிர்ஷ்டம்.

புள்ளி திரும்பி வந்தபோது ஒன்று நூறாகத்தான் வந்தது. சிவப்பு மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. டீச்சர் துடுப்பை உடம்போடு ஒட்ட மடக்கிக்கொண்டு ஹீட்டர் பக்கத்து மூலையில் போய் ஒதுங்கிவிட்டது. போட்ட தீனி அப்படியே கீழே விழுந்தது. நடமாட்டம் இல்லை, முறைப்பு இல்லை, செவுள் மட்டும் வேக வேகமாக அடித்துக்கொண்டது. டச்சிங்காரர் திரும்பக் கரியை எடுத்தார், ஹீட்டரைக் கூட்டினார். திரும்ப மருந்தை ஊற்றினார். சாயந்திரமானதும் திரும்ப கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முகமெல்லாம் புள்ளி. தேய்த்தார், தேய்த்தார், கை ஓயத் தேய்த்தார். மடங்கிய துடுப்பைக்கூடப் பழைய படத்திலிருந்து எடுத்து ஒட்டி விரித்து வைத்தார்.

அன்றைக்கு இதயம் எதுவும் வரவில்லை. போன் வந்தது.

"அப்பா, இது யாரு?" என்றாள் மகள்.

"யாரா? டீச்சர்டி."

"டீச்சருக்கு எடது கண்ணுக்குக் கீழ கடுகு மாதிரி ஒரு கறுப்பு இருக்கும். இதுக்கு இல்ல."

டச்சிங்காரர் அனுப்பின படத்தைத் திறந்து பார்த்தார். வெள்ளையோடு வெள்ளையாக அந்தக் கறுப்பையும் துடைத்துவிட்டிருந்தார். முகத்தில் ஒரு பொட்டு கண்டால் கை தானாகப் போகிறது, பழக்கதோஷம்! எத்தனையோ வருஷமாக எதிர்ச் சுவரோரம் இருந்த மீனின் கண்ணுக்குக் கீழே அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

"செத்துப் போச்சாப்பா?" என்றாள் மகள். "வேற வாங்கி விட்டுட்டீங்களா? சின்ன வயசுல தங்க மீன் செத்தப்ப பண்ணின மாதிரி?"

"அது... அது உனக்கு..."

"அப்பவே தெரியும்பா. வாலு வேற மாதிரி இருந்துச்சு. நீங்க அவ்வளவு ஆசையா தூக்கிட்டு வந்து காட்டினீங்க, அதான் ஒண்ணும் சொல்லல. ஆனா இப்ப நான் சின்னப் பொண்ணு இல்ல. உண்மையைச் சொல்லுங்க, செத்துப் போச்சா இல்லையா?"

எட்டு வயசுப் பிள்ளையை ஏமாற்றிவிட்டோம் என்று இத்தனை காலம் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த மனுஷர், பாவம், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவிதான் போனை வாங்கி, வீடியோவைப் போட்டு, தொட்டியின் மூலைக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். உப்பில் புரட்டி எடுத்த மாதிரி ஒரு மீன். அத்தனை வெள்ளைக்கும் நடுவில், இடது கண்ணுக்குக் கீழே, கடுகளவு கறுப்பு.

மகள் அழுதாள். அழுதுகொண்டே, "அவதான். உசுரோடதான் இருக்கா" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டாள். "இனிமே எனக்கு உங்க போட்டோ வேணாம்பா. அம்மா வீடியோவுல காட்டட்டும்."

இருபத்தைந்து வருஷமாகப் படம் எடுத்துப் பிழைக்கிறவரிடம் இதைவிடக் கடுமையாக ஒன்று சொல்ல முடியாது. வாடிக்கையாளர் திட்டினால் 'சரிங்க, மாத்தித் தரேன்' என்று சொல்லிவிடலாம். இதை எங்கே கொண்டுபோய் மாற்றுவது?

அதற்கப்புறம் அவர் செய்ததையெல்லாம் பார்த்தவர்கள் இது அதே ஆள்தானா என்று கேட்டார்கள். ஸ்டூடியோவில் ஆள் காத்திருக்க, மேலே குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, கற்களுக்கு அடியிலிருக்கும் கசடை இழுத்துக்கொண்டிருப்பார். விரலெல்லாம் நீலம், சட்டையெல்லாம் நீலம். "என்ன சார், தேர்தல்ல பத்து ஓட்டுப் போட்டீங்களா?" என்றார் படமெடுக்க வந்த ஒருவர். டச்சிங்காரர் சிரிக்கவில்லை. வந்தவரின் கன்னத்தைக்கூடப் பார்க்கவில்லை.

வீடியோவில் மகள் வருகிற நேரத்தில் அவர் கூடத்தில் நிற்க மாட்டார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று காதை மட்டும் கொடுப்பார். "இன்னிக்கு ஒரு வாய் தின்னுச்சு" என்று மனைவி சொல்வது கேட்கும். "துடுப்பைக் கொஞ்சம் விரிக்குதும்மா" என்று மகள் சொல்வது கேட்கும். ஒரு நாள், "அப்பா சாப்பிடறாரா?" என்று கேட்டாள். "மீனு தின்னாத்தான் அவரு தின்றாரு" என்றாள் மனைவி. கதவுக்குப் பின்னால் ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது.

புள்ளிகள் விழுந்தன. டீச்சர் மூலையை விட்டு வெளியே வந்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பழையபடி மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தது. "போயிடுச்சுங்க" என்றாள் மனைவி.

"போகல. கீழ இருக்கும்" என்றார் டச்சிங்காரர்.

"எங்க இருக்கு? ஒண்ணும் காணோமே!"

"காணோம்னா இல்லைன்னு அர்த்தமா?" என்று எரிந்து விழுந்தார். மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். கடைசியில் வளர்ப்பு மீன் கடைக்காரரே, "போதும் சார், கெடு முடிஞ்சு எவ்வளவோ ஆச்சு. இதுக்கு மேல ஊத்தினா மீன் நீலமாயிடும்" என்று மருந்து விற்க மறுத்துவிட்டார். மருந்து விற்கிறவரே விற்க மறுத்ததை டச்சிங்காரர் நெடுநேரம் யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

அன்றைக்கு சாயந்திரம் வீடியோவில் மகள் டீச்சரை நெடுநேரம் பார்த்தாள். மேல் துடுப்பு நுனியில் கிழிந்திருந்தது, ஒட்டவில்லை. விலாவில் செதில் உதிர்ந்து ஒரு தழும்பு. "அம்மா, அப்பா எங்க?" என்றாள். மனைவி போனைக் கொண்டுபோய்ச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நீட்டினாள்.

"அப்பா, ஆபீஸ்ல என் டேபிள் மேல வைக்கணும். டீச்சரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா."

அவர் "ம்" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கேமராவை எடுத்து வந்தார். ஒரே ஒரு படம்தான் எடுத்தார். எடுத்ததும் நேராகப் படியிறங்கிப் போனார். மறுபடியும் தேய்க்கப் போகிறாரோ என்று மனைவி, செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே இறங்கி வந்து, கதவருகே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டச்சிங்காரர் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து பெரிதாக்கினார். அம்புக்குறி கிழிந்த துடுப்பின் மேல் போய் நின்றது, நகர்ந்தது. விலாவிலிருந்த தழும்பின் மேல் நின்றது, நகர்ந்தது. இடது கண்ணுக்குக் கீழே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அதையும் விட்டுவிட்டுப் படத்தின் ஓரத்துக்குப் போனது. அங்கே தொட்டிக் கண்ணாடியில், கேமராவைக் கண்ணில் வைத்தபடி, அவரே மங்கலாகத் தெரிந்தார். விளக்கு வெளிச்சம் பட்டு உச்சந்தலை மட்டும் பளபளவென்று இருந்தது. டச்சிங்காரர் பிரஷ்ஷை எடுத்தார். மீன் மேல் ஒரு பொட்டுக்கூடப் படாமல், கண்ணாடியில் தெரிந்த தன் வழுக்கையை மட்டும் தொட்டுத் தொட்டுக் கறுப்பாக்கி, அனுப்பினார்.